கூரைத் தண்ணீர் விழும் இடம்

ஓர்மவால்
17 ஏப்ரல் 2023

அன்பின் டிலானிக்கு,

கடிதத்தைக் கண்டு பயந்துவிட வேண்டாம். நான் சுகமாக இருக்கிறேன். கையில் ஒரு கீறல்கூட இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் போன் எடுபடாது என்று சொன்னேன்தானே. கதைக்க வேண்டுமென்றால் மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தாங்கிவரை ஏற வேண்டும். ஏறிப்போய்த்தான் என்ன கதைக்கிறோம்? சாப்பிட்டீரா என்று நான் கேட்க, நீர் ஓம் என்கிறீர். அங்கே குளிரா என்று நீர் கேட்க, நான் ஓம் என்கிறேன். பிறகு மற்றவர் முதலில் வைக்கட்டும் என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டு நிற்கிறோம். போன ஞாயிறு அப்படி வைத்துவிட்டு இறங்கி வரும்போதுதான் எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. என் எழுத்து உமக்கு விளங்க வேண்டும்.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. பாரிஸில் இவ்வளவு காலமும் சீமெந்து குழைத்தவனுக்கு, இங்கே சீமெந்தைக் கொத்தி எடுப்பதுதான் வேலை. முந்தின தலைமுறையில் யாரோ நல்லெண்ணத்தோடு பழைய சுவரின் இடுக்கெல்லாம் சீமெந்து பூசியிருக்கிறார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் கல் உள்ளுக்குள்ளேயே உதிரத் தொடங்கிவிட்டது. நாங்கள் அதை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வைக்கிறோம். அது காய நாள் எடுக்கும். முதலாளி, பத்ரோன்கூட அவசரப்படுத்துவதில்லை.

இது இடிந்துபோன ஒரு கன்னியர் மடம். எண்ணூறு வருஷத்துக்கு மேல் பழையது. கோயிலின் வடக்குச் சுவரும், பீடத்துக்கு மேலே பாதிக் கூரையும், கன்னியாஸ்திரிகள் சாப்பிட்ட மண்டபத்தின் மூன்று வளைவுகளும்தான் மிச்சம். மற்ற இடமெல்லாம் பசுக்கள் மேய்கின்றன.

உம்மைக் கேட்காமல் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். நீர் கோபமாக இருப்பது தெரியும். அந்தச் சின்ன அறையின் கதவைத் தினமும் கடந்துபோக என்னால் முடியவில்லை, டிலானி. இதற்கு மேல் எழுத வரவில்லை.

லோறன்ஸ்


பாரிஸ்
26 ஏப்ரல் 2023

லோறன்ஸ்,

உங்கள் கடிதத்தை, கடைக்குக் கூட்டிக்கொண்டு போக வந்த பேர்ளி அக்காதான் கீழே பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தா. கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்திலை ஆரடி உனக்கு முத்திரை ஒட்டி எழுதுறது?" என்று கேட்டா. என் புருஷன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. உங்கள் பக்கத்து லானிலிருந்து பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷன் வரைக்கும் ரயிலில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. சென் தெனியில் வேலை செய்கிறவர்களே சில நாட்களில் அதைவிடப் பிந்தித்தான் வீட்டுக்கு வருகிறார்கள். நீங்கள் வராமல் இருப்பது தூரத்தால் அல்ல. அதை நாங்கள் இரண்டு பேரும் அறிவோம்.

அந்தக் கதவைக் கடக்க முடியவில்லை என்கிறீர்கள். நான் கடக்கிறேன். காலையில் தையல் கடைக்குப் போகும்போதும் பின்னேரம் திரும்பும்போதும். பிள்ளை செத்துப் பிறந்து ஒரு வருஷம் கழிந்துவிட்டது. அந்த அறையில் நீங்கள் ஆணி முறுக்கிப் பூட்டின தொட்டில் அப்படியே நிற்கிறது. அதைக் கழற்றுகிற சாவி எங்கே வைத்தீர்கள் என்றும் எனக்குத் தெரியாது. கழற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. இப்படி ஒன்றை விட்டுவிட்டுப் போனீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கல்லைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சரி, கல்லைப் பற்றியே எழுதுங்கோ. போனில் அந்த அளவும் கதைக்கவில்லைத்தானே.

டிலானி


ஓர்மவால்
14 மே 2023

அன்பின் டிலானிக்கு,

தொட்டிலின் சாவி சமையலறை லாச்சியை இழுத்தால், மெழுகுதிரிகளுக்குப் பின்னால் இருக்கிறது. நீர் தொட வேண்டாம். நான் வந்து பார்க்கிறேன்.

எங்களோடு எலோடி என்று ஒரு பெண் வேலை செய்கிறாள். தொல்லியல்காரி. நாங்கள் எங்கே மண்ணைக் கிளறப் போனாலும் அவள் முதலில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். மத்தியானம் எங்களோடு இருந்து சாப்பிடுவாள். என் இடியப்பப் பெட்டியை எட்டிப் பார்ப்பாள். எனக்கு விளங்கட்டும் என்று பிரெஞ்சை மெதுவாகப் பேசி மடத்தின் கதையைச் சொல்லுவாள்.

இதைக் கட்டுவித்தவள் ஏலிஸ் என்ற ஒரு பிரபுவின் மனைவி. புருஷன் எருசலேம் பக்கம் சண்டைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை. செத்துவிட்டான் என்று சொல்லவும் ஆளில்லை. கனகாலம் காத்திருந்துவிட்டு, தன் நிலம் முழுவதையும் எழுதிக்கொடுத்து, இரண்டு மகள்மாரோடும் தானே கன்னியாஸ்திரியாகச் சேர்ந்துவிட்டாள். மடம் ஒருகாலமும் பெரிதாக இருக்கவில்லையாம். பாற்கட்டி செய்து விற்றார்கள். ஒரு மீன்குளம் வைத்திருந்தார்கள். பள்ளமாக இருக்கிற அந்த இடம் இப்போதும் மழைக்குத் தண்ணீர் பிடிக்கிறது.

பிரெஞ்சு ராசாவும் இங்கிலாந்து ராசாவும் நூறு வருஷம் சண்டை பிடித்த காலத்தில் படைகள் வந்து இரண்டு முறை கூரையை எரித்தன. இரண்டு முறையும் கன்னியாஸ்திரிகள் காட்டுக்குள் ஓடி, பிறகு திரும்பி வந்து கூரை போட்டார்கள். இரண்டாம் முறை திரும்பியவர்கள் ஒரு கை விரல் எண்ணிக்கைதான் என்றாள் எலோடி. நான் கொத்துகிற கல்லில் சில இடங்களில் இப்போதும் கரி பிடித்துச் சிவந்திருக்கிறது. எரிந்த கல் அப்படிச் சிவக்குமாம். எங்கள் ஊரிலும் அப்படிச் சுவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் சிவப்பு என்று அப்போது யோசிக்கவில்லை.

புரட்சி வந்தபோது அரசாங்கம் மடத்தை மூடி, கல்லைக் கல்லாக விற்றது. வாங்கியவர்கள் கிராமத்து ஆட்கள். இங்கே ஒரு வீட்டில் பன்றிக் கொட்டில் வாசலுக்கு மேலே செட்டைகளோடு ஒரு சம்மனசின் முகம் இருக்கிறது. பன்றி போகும்போதும் வரும்போதும் அது சிரித்துக்கொண்டிருக்கிறது. உமக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

லோறன்ஸ்


பாரிஸ்
29 மே 2023

அன்பின் லோறன்ஸ்,

பன்றிக்கு மேலே சம்மனசு என்று வாசித்துவிட்டு, கடையில் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். என்ன என்று பேர்ளி அக்கா கேட்டா. வாசித்துக் காட்டினேன். அந்த ஏலிஸ் என்கிற மனுசி கெட்டிக்காரி என்று சொன்னா. "சும்மா இருந்து அழாமல் ஒரு வேலை பாத்திருக்கிறா."

அந்தக் கன்னியாஸ்திரிகள் எந்நேரமும் மௌனமா? சாப்பிடும்போதும் கதைக்கக் கூடாதா? எலோடியிடம் கேளுங்கோ. எங்கள் வீடும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. முறைப்படி எப்படி நடத்துவது என்று தெரிந்துகொண்டால் நல்லது.

கலியாணக் காலம். லாச்சப்பல் கடைத்தெருவில் காலை வைக்க இடமில்லை. ஒபர்வில்லியேயிலிருந்து சட்டைத்துணிப் பொதிகள் வந்தபடி இருக்கின்றன. போன கிழமை ஒரு பிள்ளை வந்தாள், தங்கச்சியின் கலியாணத்துக்குச் சட்டை தைக்க. ஏழாம் மாதம். சுற்றளவு எடுக்க அளவு நாடாவை அவளின் வயிற்றைச் சுற்றிப் போட்டேன். உள்ளே பிள்ளை உதைத்தது. என் கைக்கு நன்றாகத் தெரிந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். பேர்ளி அக்கா வந்து நாடாவை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் பொத்தான் கட்டு" என்றா. தைக்கிறவர்கள் எல்லாரும் குனிந்துகொண்டார்கள்.

மன்னாரிலிருந்து அம்மா கதைத்தா. மடு மாதா திருவிழாவுக்குப் போகிறாவாம். அங்கே பிள்ளைக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்க ஆசையாம். "ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைக்குக் குடுக்கலாமோ எண்டு பங்குச் சுவாமியைக் கேக்கோணும்" என்று சொன்னா. கெடுதலாக நினைத்துச் சொல்லவில்லை. நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லாச்சப்பலில் சிக்னல் இல்லையாம்.

இதை வேறு யாருக்கும் சொல்லவில்லை. எழுத்தில் வந்துவிட்டது.

டிலானி


ஓர்மவால்
2 ஜூலை 2023

அன்பின் டிலானிக்கு,

இதை எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தேன். ஒருமுறை எழுதிக் கிழித்தும் விட்டேன். நீர் அம்மா சொன்னதை எழுதியிராவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

வடக்குச் சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போக ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தது. அதற்கு முதல் எலோடி அந்த இடத்தைத் தூரிகையும் கரண்டியுமாகக் கிளறிப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி, கூரைத் தாழ்வாரத்துக்கு நேர் கீழே, நீளவாட்டில், சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் கூரை ஓடு ஒன்று கீழே, ஒன்று மேலே, தொட்டிலைப் போல. உள்ளே பிள்ளைகள். பிறந்த உடன் செத்தவை, செத்துப் பிறந்தவை. முதலாவது ஓட்டை எடுத்தபோது அவள் எங்களைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. நான் சுவரில் நின்றபடியே கண்டுவிட்டேன்.

பிறகு சொன்னாள். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைச் சேமக்காலையில் அடக்கம்பண்ண விடமாட்டார்கள். மோட்சமும் இல்லை என்று சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் செத்துப் பிறந்த பிள்ளைகளைத் தாய்மாரும் தகப்பன்மாரும் தூக்கிக்கொண்டு, சில நேரம் இரண்டு மூன்று நாள் நடந்து, இந்த மடத்துக்கு வந்திருக்கிறார்கள். கன்னியாஸ்திரிகள் பிள்ளையை வாங்கி, மாதா சுரூபத்தின் முன்னால், கணகணப்பான கல்லில் கிடத்தி, சுற்றிவர மெழுகுதிரி கொளுத்தி, உதட்டின் மேல் ஒரு சின்ன இறகை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். இறகு அசைந்தால், கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தால், உயிர் வந்துவிட்டது என்று சொல்லி உடனே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் உயிர். அது போதும்.

இறகு அசையாத பிள்ளைகளும் இருந்திருக்கும்தானே என்று கேட்டேன். அவர்களைத்தான் இந்தச் சுவரடியில் வைத்தார்கள் என்று நினைக்கிறாளாம். கோயில் கூரையில் விழுந்து வழிகிற மழை அவர்கள் மேல் விழும். ஒவ்வொரு மழையும் ஞானஸ்நானத் தண்ணீர்.

ஆயர்கள் இதைத் திரும்பத் திரும்பத் தடுத்திருக்கிறார்கள். மடம் ஓம் என்று சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறது.

உண்மையாக உயிர் வந்ததா என்று கேட்டேன். சூட்டுக்கு நிறம் மாறும், உள்ளே இருக்கிற காற்று வெளியே வந்தால் இறகு அசையும் என்றாள். பிறகு, "அது அந்தப் பெண்களுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், லோறன்ஸ்" என்றாள்.

அன்று நான் சுவர் வேலைக்குப் போகவில்லை. எலோடிக்கு மண் அரித்துக் கொடுத்தேன்.

லோறன்ஸ்


பாரிஸ்
8 ஜூலை 2023

லோறன்ஸ்,

இந்தக் கடிதத்தை நான் மெற்றோவில் வாசித்தேன். வாசித்துவிட்டு எங்கே இறங்கினேன் என்று தெரியவில்லை.

எண்ணூறு வருஷத்துக்கு முந்தின பிள்ளைகளுக்கு ஓடு எப்படி வைத்தார்கள், தண்ணீர் எப்படி விழுந்தது என்று எனக்கு இரண்டு பக்கம் எழுதத் தெரிகிறது உங்களுக்கு. எங்கள் பிள்ளைக்கு? நான் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீங்கள் தனியாகப் போய் அவனைப் பொந்தன் சேமக்காலையில் வைத்துவிட்டு வந்தீர்கள். வந்து கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு "முடிஞ்சுது" என்றீர்கள். அந்த ஒரு சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பெட்டி என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

இனி எழுத வேண்டாம்.

டிலானி


ஓர்மவால்
22 ஓகஸ்ட் 2023

டிலானி,

எழுத வேண்டாம் என்றீர். எழுதுகிறேன்.

மாதா திருநாளுக்கு வீட்டுக்கு வந்து மூன்று நாள் நின்றேன். பூசைக்குப் போனோம். பேர்ளி அக்கா வீட்டில் சாப்பிட்டோம். ஆட்களுக்கு முன்னால் நல்லாய்க் கதைத்தோம். வீட்டுக்கு வந்ததும் நீர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர். கடைசி நாள் காலையில், நான் சப்பாத்துப் போடும்போது, வாசலில் வந்து நின்றீர். ஏதோ கேட்க வந்தீர் என்று எனக்குத் தெரியும். "குடை எடுத்தீங்களோ?" என்று கேட்டீர். வானம் வெளுத்துக் கிடந்தது.

நீர் என்ன கேட்க வந்தீர்? முகத்துக்கு நேரே கேட்க முடியாவிட்டால் எழுதிக் கேளும். என்ன கேட்டாலும் பதில் எழுதுவேன். இதை மாதாவின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

லோறன்ஸ்


பாரிஸ்
3 செப்டம்பர் 2023

லோறன்ஸ்,

கேட்கிறேன்.

அவனை எடுத்தவுடன் தாதி ஒருத்தி என் தலைமாட்டில் குனிந்து, பார்க்க விருப்பமா என்று கேட்டாள். அவள் மிக மெதுவாகத்தான் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகும் ஒருமுறை கேட்டாள். அப்போதும் திரும்பவில்லை. பார்த்தால் செத்துப்போவேன் என்று நினைத்தேன். இப்போது பார்க்காததால்தான் செத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மேல் கோபம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஓடிவிட்டீர்கள் என்று. முதலில் முகத்தைத் திருப்பியவள் நான்தான்.

நீங்கள் பார்த்தீர்களா? அவன் யாரைப்போல இருந்தான்? அவனைத் தனியே விட்டிருந்தார்களா, அல்லது யாராவது வைத்திருந்தார்களா?

இதுதான் நான் கேட்க வந்தது.

டிலானி


ஓர்மவால்
10 செப்டம்பர் 2023

என் டிலானி,

பார்த்தேன். நான்தான் வைத்திருந்தேன். அவன் தனியே இருக்கவில்லை.

உம்மை உள்ளே வைத்திருந்தபோது, என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜன்னலுக்கு வெளியே கார் து நோர் தண்டவாளங்கள் தெரிந்தன. அந்தத் தாதி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவனை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் தந்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

நெற்றி உம்முடையது. புருவமும் உம்முடையது, அந்த நடுவிலே கொஞ்சம் நெரிக்கிறது உட்பட. முடி கனக்க. காது மட்டும் என் அப்பாவுடையது, மேல் நுனி மடிந்திருந்தது. உதடு கொஞ்சம் கறுத்திருந்தது. மற்றபடி எந்தக் குறையும் இல்லை. நித்திரை கொள்கிற பிள்ளை. வலது கையை மூடி வைத்திருந்தான். என் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். இறுக்கவில்லை.

நான் அவன் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். டாக்குத்தர் சொன்னது எனக்கு விளங்கியிருந்தது. விளங்கியிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை சூடாகப் பட்டது. அது என்னுடைய விரலின் சூடுதான்.

பிறகு எழுந்து குழாயைத் திறந்து கையை நனைத்தேன். செத்தவர்களுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று ஞானோபதேசத்தில் படித்தோம். தெரிந்துகொண்டுதான் செய்தேன். மூன்று தரம் நெற்றியில் விட்டேன். பிதா சுதன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று சொல்ல முதல் பெயர் சொல்ல வேண்டும். நாங்கள் பெயருக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்தானே. நான் அப்பாவின் பெயர்தான் வேண்டும் என்று நிற்க, சந்தியோகு என்கிற பெயரைப் பிரெஞ்சுக்காரன் கொலை செய்வான் என்று நீர் சிரித்தீர்.

அலெக்சிஸ் என்று சொன்னேன். நீர் விரும்பிய பெயர்.

இதை ஏன் உமக்குச் சொல்லவில்லை என்று கேட்பீர். அது செல்லாது என்று நீரோ சுவாமியாரோ ஒரு சொல் சொல்லிவிட்டால் எனக்கு ஒன்றுமே மிஞ்சாது என்று பயந்தேன். எலோடி இந்தக் கன்னியாஸ்திரிகளைப் பற்றிச் சொன்னபோது, எனக்கு முதல் இதைச் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை உமக்கு எழுதினால் இதையும் எழுத வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர்களைப் பற்றி மட்டும்தான் வந்தது. உமக்கு நோகும் என்று யோசிக்காமல் அனுப்பிவிட்டேன்.

பெட்டி வெள்ளை. மூடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. மயானக்காரன் தூக்க வந்தான். நான் விடவில்லை. நானே கொண்டுபோய் வைத்தேன்.

உம்முடைய
லோறன்ஸ்


பாரிஸ்
24 செப்டம்பர் 2023

என் அன்பின் லோறன்ஸ்,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதீர்கள். முதல் நாள் நெற்றியோடு நிறுத்தினேன். அடுத்த நாள் காது வரைக்கும். முழுவதையும் வாசிக்க ஒரு கிழமை எடுத்தது.

இன்றைக்குப் பேர்ளி அக்காவைக் கூட்டிக்கொண்டு சேமக்காலைக்குப் போனேன். போக வேண்டும் என்று சொன்னதும் ஏன் என்று கேட்கவில்லை. கடையைப் பூட்டினா, அவ்வளவுதான். சனம் குவிகிற ஞாயிற்றுக்கிழமை லாச்சப்பலில் கடையைப் பூட்டுவது என்றால் உங்களுக்குத் தெரியும்.

சின்னவர்களின் பகுதி ஒரு மூலையில் இருக்கிறது. ஆட்கள் வண்ணக் காற்றாடிகள் குத்தி வைத்திருக்கிறார்கள். காற்றுக்கு எல்லாம் ஒன்றாகச் சுற்றுகிறது. அவனுடையதில் ஒன்றும் இல்லை, உங்கள் பெயரும் என் பெயரும் எழுதிய ஒரு பலகை மட்டும். புல்லு வெட்டியிருந்தது. நான் குனிந்து, "அலெக்சிஸ்" என்று கூப்பிட்டேன். மெதுவாகத்தான் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். சத்தமாக வந்துவிட்டது. பேர்ளி அக்கா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு செபமாலையை எடுத்தா.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எடுத்தேன். "அம்மா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சு. தகப்பன் குடுத்தவர்" என்று சொன்னேன். சுவாமியைக் கேட்க வேண்டும் என்று சொல்லப்போறா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பேர் வைச்சனீங்கள்?" என்று கேட்டா.

அந்தப் பெயருக்குப் பூசை சொல்லப்போறாவாம்.

சனிக்கிழமை வாங்கோ. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டேன்.

உங்கள் டிலானி


ஓர்மவால்
27 மே 2024

அன்பின் டிலானிக்கு,

சனிக்கிழமைகளில் நானே வந்துவிடுவதால் எழுதிக் கனகாலம். இதை நேரே சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு சனி வந்தும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். எங்களுக்குச் சில விசயங்களுக்குத் தபால்தான் வழி போலிருக்கிறது.

எலோடியின் ஆட்கள் அந்தப் பிள்ளைகளை ஆய்வுக்காகக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். வேலை முடிந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் பெட்டிகளில் அடுக்கி வைக்கலாம் என்று ஒரு யோசனை இருந்ததாம். கிராமத்து ஆட்கள் கூட்டம் கூடி, வேண்டாம், எங்கள் மண்ணிலேயே திரும்ப வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வடக்குச் சுவருக்கு அருகிலேயே, வாய்க்காலுக்கு அப்பால், ஒரு நீளக் குழி வெட்டி நான்தான் கல் கட்டுகிறேன்.

ஜூன் 22, சனிக்கிழமை. விரும்புகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பெட்டியைக் களஞ்சியத்திலிருந்து குழிவரைக்கும் கொண்டுபோகலாம் என்று மேயர் அறிவித்திருக்கிறார்.

வாரும் என்று கேட்கவில்லை. வர முடியாவிட்டால் எனக்கு விளங்கும். தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

லோறன்ஸ்


பாரிஸ்
25 ஜூன் 2024

என் லோறன்ஸ்,

பஸ் ஏறும்போது நீங்கள் ஏதாவது சொல்லச் சொல்லிப் பார்த்தீர்கள். எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வந்து இறங்கியபோது பயந்துகொண்டுதான் இருந்தேன். அழுது விழுந்துவிடுவேன், அந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பார்ப்பார்கள் என்று. ஆனால் அவர்கள் என்னைப் பார்க்கவேயில்லை. ஒரு வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் ஒரு வயதான மனுசி, பின்னால் சப்பாத்தில் வயல் சேற்றோடு ஒரு கமக்காரன். அந்த மனுசி திரும்பி, தனக்கும் ஒன்று இருந்தது, அது நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் என்று மட்டும் சொன்னாள். நான் எனக்கும் என்று சொன்னேன். வரிசை நகர்ந்தது.

எலோடி என் கையில் ஒரு பெட்டியை வைத்தாள். இவ்வளவு பாரமில்லாமல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சட்டைத்துணிப் பொதிகூட அதைவிடப் பாரம். களஞ்சியத்திலிருந்து குழிவரைக்கும் புல்லின் மேல் நடந்தேன். அவசரமே வரவில்லை. எனக்கு அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கிடைக்கவில்லை. இது யாருடைய பிள்ளை என்று தெரியாது. இதன் தாய் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தவள். மிச்சத் தூரம் நான் தூக்கினேன்.

நீங்கள் குழிக்குள் நின்று ஒவ்வொரு பெட்டியாக வாங்கிக்கொண்டிருந்தீர்கள். என் முறை வருவதற்கு முதல் நான் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாந்துச் சட்டி வாங்குகிற கையில்லை அது. ஒவ்வொரு பெட்டிக்கும் உங்கள் இடக்கை ஒரு முனைக்கு அடியில் போய், விரிந்து, தாங்கியது. அந்த முனையில்தான் தலை இருக்கிறது என்பதைப் போல. பிறகுதான் வலக்கை. வாங்கிய உடன் கீழே வைக்கவில்லை. நெஞ்சோடு ஒருக்கால் அணைத்துவிட்டுத்தான் குனிந்தீர்கள். நீங்கள் அப்படிச் செய்வது உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

என்னுடையதையும் அப்படித்தான் வாங்கினீர்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "விடும், நான் பிடிச்சிட்டன்" என்றீர்கள்.

நான் அவனைப் பார்க்கவில்லை, லோறன்ஸ். இனிப் பார்க்கவும் முடியாது. ஆனால் அந்த அறையில், அந்தக் கதிரையில், அவனை எப்படி வைத்திருந்தீர்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். நல்லாய் வைத்திருந்திருக்கிறீர்கள்.

வேலை இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று எலோடி சொன்னாள். பாதியில் விட்டுவிட்டு வர யோசிக்க வேண்டாம். சுவரை முடியுங்கோ. சனிக்கிழமைகளில் ஒன்றுவிட்டு ஒன்று நான் அங்கே வருகிறேன். பேர்ளி அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள்
டிலானி